அரைச்சுவருக்கு அப்பால் இருமல்

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரின் வரிசை வீடுகளாக இன்னமும் நிற்கும் பழைய லயங்களில் இருமலை ஒளிக்க முடியாது. காம்பரா ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும், முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் பல லயங்களில் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடும். தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள அந்தச் சந்து வழியாக அடுத்த வீட்டு அடுப்புப் புகை வரும், கருவாட்டு வாசம் வரும், புருஷன் பெண்சாதி சண்டையும் வரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது காம்பராவில் இருமுவது யார், சளி இருமலா வறட்டு இருமலா, எத்தனை நாளாக என்பதெல்லாம் லயத்துக்கே தெரியும்.

அந்த இருமலின் பெயர் மட்டும் தெரியாது. இருமுகிறவருக்கே தெரியாது. மாதக்கணக்கில் இப்படிப் போகும். பிறகு ஒருநாள் சளிப் பரிசோதனையின் முடிவு வரும், மாத்திரை தொடங்கும், பெயர் எப்படியோ வெளியே கசியும். அன்றிலிருந்து பக்கத்து வீட்டார் பிள்ளைகளை அந்த இஸ்தோப்புப் பக்கம் விடமாட்டார்கள். முந்தின கிழமை வரை அதே இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தவர்கள்தான். காசநோய் விஷயத்தில் இந்தப் பயம் தொடங்கும் நாள் தவறு. ஏன் தவறு என்று விளங்கக் கிருமியின் சுபாவத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அறிவித்த மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ் ஒரு சோம்பேறிக் கிருமி. நம் குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா, வசதி கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். இதற்கு ஒரு தடவை பிரிய இருபது மணி நேரம் போல வேண்டும். உள்ளே போனதும் நோயாக மாறிவிடுவதுமில்லை. கிருமி தொற்றிய பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆயுள் முழுக்க நோயே வராமல் போகலாம். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அதைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்துவிடும். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஏதோ ஒரு காலத்தில் இக்கிருமியின் தொற்றுக்கு ஆளானவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடங்கிக் கிடக்கும் கிருமி அடுத்தவருக்குப் பரவாது. சத்துக் குறைவு, நீரிழிவு, புகைத்தல், குடி, எச்.ஐ.வி. என்று ஏதாவது ஒன்று எதிர்ப்பைத் தளர்த்தும்போதே பெரும்பாலும் அது நுரையீரலைக் குடைந்து இருமலாக வெளியே வருகிறது.

அதையும் அவசரப்படாமல்தான் செய்கிறது. பொழுது சாயச் சாய லேசான காய்ச்சல், ராத்திரி வியர்வை, இடுப்பில் சேலை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வது. பனியிலும் தூறலிலும் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து மலையில் நிற்கிற ஒருவருக்கு இருமல் ஒரு செய்தியா? இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது இலங்கையின் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் ஓயாமல் சொல்லும் விதி. இலங்கையில் ஆண்டுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேர் அளவில் காசநோயாளர்களாகப் பதிவாகிறார்கள். உண்மையில் நோய் இருப்பவர்கள் அதைவிடப் பல ஆயிரம் அதிகம் என்பது மதிப்பீடு. அந்த மீதிப் பேர் எங்கோ பெயர் தெரியாமல் இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

இருமும்போது என்ன வெளியேறுகிறது? பெரிய துளிகள் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை காற்றிலேயே உலர்ந்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவிலான துகள்களாக மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும். நுரையீரலின் அடி வரை இறங்கக்கூடியவை இவைதான். 1950களின் பின்பகுதியில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலியும் வில்லியம் வெல்ஸும் இதை நிரூபிக்க ஒரு விசித்திரமான ஏற்பாடு செய்தார்கள். காசநோய் வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியாக மேலே கொண்டுபோய், அங்கே கூண்டுகளில் வைத்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்கவிட்டார்கள். அந்தப் பிராணிகள் எந்த நோயாளியையும் கண்டதில்லை, எவருடைய தட்டிலும் சாப்பிட்டதில்லை. காற்று ஒன்றுதான் தொடர்பு. அவற்றுக்கு நோய் வந்தது. அதே காற்றைப் புறஊதா ஒளியில் காட்டிவிட்டு அனுப்பிய கூண்டில் ஒன்றுக்கும் வரவில்லை.

அந்தச் சோதனையில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. நோயாளிகள் எல்லோரும் ஒரே அளவில் பரப்பவில்லை. மருந்து தொடங்கியவர்கள், அவர்களுடைய கிருமி மருந்துக்குக் கட்டுப்படும் வகையாக இருந்தால், மிக அரிதாகவே தொற்றைக் கொடுத்தார்கள். சளியில் இன்னும் கிருமி தென்பட்டுக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான்.

அதே காலத்தில் நமக்கு இன்னும் கிட்ட, சென்னையில், இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று ஆராயப்பட்டது. 1956 இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்துக்கு வாலஸ் பாக்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் தலைமை தாங்கினார். (இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.) அன்று உலகம் முழுக்க நம்பிய சிகிச்சை சானட்டோரியம்: ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தக் காற்று, எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்பத்தைவிட்டுப் பிரிப்பு. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் ஓராண்டு சானட்டோரியத்தில், மறு பாதியினர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே. இருவருக்கும் மருந்து ஒன்றே. 1959 இல் வெளியான முடிவு மருத்துவர்களைத் திகைக்கவைத்தது. அரைவயிற்றுக் கஞ்சியோடு வீட்டில் கிடந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்த குடும்பங்களில் புதிய நோய் கூடுதலாக வரவில்லை என்பதும் தெரிந்தது. அவர்களில் தொற்றியவர்களுக்குப் பெரும்பாலும் சிகிச்சைக்கு முந்திய மாதங்களிலேயே தொற்றிவிட்டிருந்தது. உலகின் சானட்டோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதில் அந்தச் சென்னைக் குடிசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு பத்தியாவது கிடைத்திருக்க வேண்டும்.

இனி லயத்துக்கு வருவோம். நோயின் பெயர் வெளியே தெரிவது எப்போது? மாத்திரை தொடங்கிய பிறகு. ஆபத்து குறையத் தொடங்குவது எப்போது? மாத்திரை தொடங்கிய பிறகு. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாக இருந்து, ஒழுங்காக விழுங்கினால், இரண்டு கிழமைக்குள் பரப்பும் சக்தி பெரும்பாலும் அடங்கிவிடும். ஆக, வம்பு வந்து சேரும் வேளையில் கிருமி கிளம்பிக்கொண்டிருக்கிறது. ஊர் ஒதுக்கிவைக்கும் ஆள்தான் அந்த லயத்தில் பயப்பட வேண்டியதில்லாத இருமல்காரர். பயப்பட வேண்டியவர் இன்னும் பரிசோதனைக்கே போகாதவர். முன்னவருக்கு நேர்ந்ததைப் பார்த்துவிட்டு அவர் போகப்போவதுமில்லை.

அவர் ஏன் போகமாட்டார் என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கொழுந்தெடுக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். சளிப் பரிசோதனைக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா தருவார்கள். காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன், அடித்தொண்டையிலிருந்து காறி அதில் துப்ப வேண்டும். எங்கே துப்புவது? காம்பராவுக்குள் துப்பக் கூடாது, திறந்த வெளியில் காற்றோட்டமாக நின்று செய்ய வேண்டும் என்பது விதி. சரியான விதிதான். ஆனால் விடிகாலையில் லயத்துக்கு வெளியே தண்ணீர்க் குழாயடியில் பத்துப் பேர் நிற்பார்கள். எப்படியோ துப்பி, மூடி, சொப்பிங் பேக்கில் சுற்றி, கைப்பைக்குள் வைத்து பஸ்ஸில் ஏறுகிறாள். பூண்டுலோயாவிலிருந்து தலவாக்கலை, அங்கிருந்து கிளினிக் இருக்கும் நுவரெலியா. பக்கத்து சீட்டில் தோட்டத்து ஆள். "என்னா அக்கா, வேலைக்குப் போகலியா? டவுனுக்கா?" இந்த ஒரு கேள்விக்கு அவள் என்ன பொய் சொல்வது என்று முதல்நாள் ராத்திரியே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

லீவுக்கும் ஒரு பதில் வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவள் இல்லாததைக் கணக்கப்பிள்ளை பார்ப்பார். மருத்துவத் துண்டு கேட்பார். தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு எழுதுகிறவர் சம்பளம் வாங்குவது தோட்ட நிர்வாகத்திடம். இது இன்று நேற்று வந்த ஏற்பாடு இல்லை. 1872 இல் வந்த மருத்துவத் தேவைகள் சட்டத்திலிருந்தே தோட்டத் தொழிலாளரின் வைத்தியம் முதலாளியின் பொறுப்பாக்கப்பட்டது. முதலாளிக்கு அந்த வேலை சுமையாக இருந்தது என்பது ஒரு பக்கம். மறுபக்கம், ஒரு தொழிலாளியின் உடம்பில் என்ன கோளாறு என்பது அவளுக்கு வேலை கொடுப்பவரின் புத்தகத்தில் எழுதப்படும் விஷயமாகிவிட்டது. தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாகி, 1992 இல் கம்பெனிகளின் கைக்குப் போய், சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் முழுதாக விட்டுப்போகவில்லை. நகரத்தில் வைத்தியர், முதலாளி, வீட்டுச் சொந்தக்காரர் மூவரும் வெவ்வேறு ஆட்கள். லயத்தில் மூன்றுக்கும் பின்னால் ஒரே நிர்வாகம். ரகசியம் காக்க அங்கே இடமே விடப்படவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு கதையும் உண்டு. 1914 இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பலும் வந்தபின், இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த எங்கள் முன்னோரை மண்டபம் கேம்ப்பில் இலங்கை அரசாங்கமே தடுத்துவைத்துச் சோதித்தது. காலரா, பெரியம்மை, பிளேக் உள்ளே வந்துவிடக் கூடாது என்பது காரணம். முதல் வகுப்புப் பிரயாணிகளின் குடலைப் பற்றி அவ்வளவு கவலை இருந்ததாகத் தெரியவில்லை. பின்னர் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் வந்தது. அமெரிக்க ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் பணத்தில், மாத்தளைத் தோட்டங்களில் ஆரம்பித்து, வரிசையில் நிறுத்தி மருந்து புகட்டினார்கள். மருந்து நல்லதுதான். ஆனால் கும்பலாகச் சோதிக்கப்பட்டு, கும்பலாக 'நோய் கொண்டுவருகிறவர்கள்' என்று பெயர் வாங்கிய ஒரு சமூகம், வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஒதுங்கினால் அதை அறியாமை என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது.

தொற்றுநோய் என்றாலே ஒதுக்கல் வரத்தான் செய்யும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களை அம்மை போட்ட ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்தால் "அம்மா வந்திருக்கா" என்பார்கள். குளிரில் வேம்பு வளராத மலையில், கீழ்நாட்டிலிருந்தாவது ஒரு கொத்து வேப்பிலை வரவழைத்து வாசலில் சொருகுவார்கள். அது ஒரு பகிரங்க அறிவிப்பு. பார்த்தவர்கள் உள்ளே வரமாட்டார்கள், வீட்டார் அதற்குக் கோபிக்கவும் மாட்டார்கள். தலைக்குத் தண்ணி ஊற்றியதும் எல்லாம் பழையபடி. ஏறத்தாழ நோய் பரவும் காலம் முழுக்க அந்த வீடு மரியாதையோடு தனித்திருக்கிறது. கவனியுங்கள்: வீட்டில் ஒருவருக்குக் கொப்புளிப்பான் வந்தால், முன்பு வராதவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தொற்றக்கூடும். காசநோய் அதன் பக்கத்தில்கூட வராது. அப்படியிருந்தும் மானக்கேடு காசநோய்க்குத்தான். பரவும் வேகத்துக்கும் அவமானத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அவமானம் வேறு எங்கிருந்து வருகிறது? தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். காசநோயாளிக்கு வீட்டில் முதலில் நடப்பது இதுதான். கிருமியோ தட்டில் பரவுவதில்லை, துணியில் பரவுவதில்லை, தொட்டாலும் பரவுவதில்லை. காற்றில் பரவும் கிருமிக்குத் தனி டம்ளர் வைப்பது விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்ததல்ல. யாருக்குத் தனி டம்ளர் வைப்பது என்பதில் நமக்கு நூற்றாண்டுக் கணக்கில் அனுபவம் இருக்கிறது. 'கிருமி' என்ற புதிய சங்கதி வந்தபோது, ஏற்கெனவே தயாராக இருந்த தீட்டு என்ற அச்சில் அதை வார்த்துக்கொண்டோம் என்பதே என் எண்ணம். தட்டைப் பிரித்தவர்கள் ஜன்னலைத் திறக்கவில்லை என்பதைப் பாருங்கள். பெருவின் லிமா நகர ஆஸ்பத்திரிகளில் ராட் எஸ்காம்ப் குழுவினர் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களில் ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டால், இயந்திரக் காற்றோட்டமுள்ள அறைகளைவிட வேகமாகக் காற்று மாறுகிறது என்று காட்டியது. பின்சுவரில் ஜன்னலே இல்லாத முதுகோடு முதுகு லயக் காம்பராவில், குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு பேர் படுக்கும் ராத்திரியை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சிகிச்சையே ரகசியத்தைப் போட்டுடைப்பதும் உண்டு. ஆறு மாத மருந்தில் முக்கியமானது ரிஃபாம்பிசின். விழுங்கிய சில மணி நேரத்தில் சிறுநீர் செம்மஞ்சளாகிவிடும், வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும். தீங்கில்லை. ஆனால் நாலைந்து வீட்டுக்கு ஒரு கக்கூஸ் இருக்கும் லயத்தில் அது ஒரு விளம்பரம். அடுத்தது நேரடிக் கண்காணிப்பு: மாத்திரையைச் சுகாதாரப் பணியாளரின் கண்முன் விழுங்க வேண்டும். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறிவிடலாம், அதனால் இந்த முறை. இதுவும் சென்னையில் அதே பாக்ஸின் காலத்தில் உருவானதுதான், ஹாங்காங்கிலும் வளர்ந்தது. ஆக, வீட்டிலேயே இருக்கலாம் என்று விடுதலை கொடுத்த மையமே, தினமும் ஒருவர் முன்னால் வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்ற கட்டையும் போட்டது. முதல் மாதங்களில் தினமும் காலையில் டிஸ்பென்சரிக்கு நடக்கும் பெண்ணை மலையில் நிற்கும் முழு கொழுந்துக் கூட்டமும் பார்க்கும். கண்காணிப்பவர் வீட்டுக்குக் கிட்டவுள்ள நம்பிக்கையான ஒருவராக, நோயாளி தெரிவு செய்தவராக இருக்கலாம் என்று வழிகாட்டல்கள் இடம் தருகின்றன. அதைக் கேட்டு வாங்கலாம் என்பது நோயாளிக்குத் தெரிய வேண்டும்.

பெயர் வெளியே போவதால் வரும் சேதத்தை நாடே ஒருமுறை பார்த்தது. 2020 அக்டோபரில் மினுவாங்கொடை, பேலியகொட கொவிட் கொத்தணிகள் வெடித்தன. நவம்பர் 14 தீபாவளி. அதையொட்டி, கொழும்பு உள்ள மேல்மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை வந்தது. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகளில் அதற்கு முன்பே ஊர் வந்தவர்கள் இருந்தார்கள். 'கொழும்பிலிருந்து வந்தவன்' என்பதே ஒரு நோயின் பெயரானது. கொவிட்டில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்ற 2020 ஏப்ரல் விதி, புதைப்பதால் தொற்று பரவும் என்பதற்கு ஆதாரமே இல்லாமல், 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களை வாட்டியது. 2024 இல் அரசாங்கம் அதற்கு மன்னிப்புக் கேட்டது. சென்னையில் 2020 ஏப்ரலில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸை அடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், உரிய அதிகாரியின் குறிப்பான உத்தரவில்லாமல் நோயாளியின் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்றது. ஒட்டினால் அவர்கள் தீண்டத்தகாதவர்களைப் போல நடத்தப்படுகிறார்கள் என்பது விசாரணையின்போதே நீதிபதிகள் சொன்னது.

நோயே இல்லாமலும் இது நடக்கும். 2016 இல் குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு எயிட்ஸ் என்று வதந்தி கிளம்பி, பள்ளிக்கூடக் கதவு சாத்தப்பட்டது. அவனுக்குத் தொற்று இல்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 1897 இன் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டப்படி சில நோய்களை வைத்தியர் கட்டாயம் அறிவிக்க வேண்டும். காசநோயும் அறிவிக்க வேண்டிய நோய்தான். அறிவிப்பது சுகாதாரத் துறைக்கு. அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் போகும். அதோடு அந்தக் கோடு நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளைக்கும் கோயில் தலைவருக்கும் பள்ளிக்கூட அதிபருக்கும் அதில் இடமில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் வேண்டிய தரவு என்று வகைப்படுத்துகிறது. ஆனால் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் லயத்து முற்றத்தில் நின்றால் எந்தச் சட்டமும் அதை மறைக்காது. ஒரு வீட்டுக்கு மட்டும் வராமல், டெங்கு பார்க்கிற சாக்கில் லயம் முழுக்க ஏறி இறங்குகிற பரிசோதகர் புத்திசாலி.

சட்டத்தால் மறைக்க முடியாததைச் சுவர் மறைக்கும். டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியோடு கட்டிய 404 தனி வீடுகள் 2018 இல் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன. அரசியல்வாதிகள் அதைக் காணி, கௌரவம் என்று பேசினார்கள். தொற்றுநோயியல் கண்ணால் பார்த்தால் அவை நான்கு பக்கமும் காற்றுள்ள வீடுகள். சுவர்கள் கூரை வரை போகின்றன. ஒருவர் இருமினால் காற்று வெளியே போகும், சத்தம் உள்ளேயே நிற்கும். லயத்தில் இரண்டும் தலைகீழ்.

ஆனால் லயத்தில் இருப்பவர்கள் இன்னும் ஏராளம். கொழுந்தெடுக்கும் அந்தப் பெண்ணின் சளியில் கிருமி தெரிந்ததும் கிளினிக்கில் கேட்கும் கேள்வி: "ஒங்க கூட ஒரே வீட்ல யாரு யாரு படுக்கிறாங்க?" இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வர வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சளியும் எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நோய் இல்லை என்று உறுதியான பிறகும் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கிருமி மூளை உறையில் ஏறிவிடும் ஆபத்து பெரியவர்களைவிட அதிகம். வழமையான மருந்து ஐசோநயசிட், ஆறு மாதம். அடுத்த காம்பராவில் இருக்கும் நாத்தனாரின் கைக்குழந்தை வேலை விட்டு வந்த பிறகெல்லாம் அவள் மடியில்தான் கிடந்தது என்பது அந்தக் கிளினிக்கில் அவளுக்கு மட்டும் தெரியும். நாத்தனாருக்கு விஷயம் தெரிந்தால் லயத்துக்கே தெரிந்துவிடும் என்று பயந்தால், அந்தக் குழந்தையின் பெயரை அவள் சொல்லமாட்டாள். கேட்கிறவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறாரா, வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கும் கேட்கும்படி கேட்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் குழந்தைக்கு ஐசோநயசிட் கிடைக்கும்.